எட்டு நாளில் பாதி

"சாமர்செட்டுக்குக் கூப்பிடுறாங்க, மால். கடைசி ரெண்டு வருஷத்தை அங்கேயே முடிக்கலாமாம்."

"புது உலை கட்டுற இடத்துலயா?"

"ஆமா."

"அப்போ போ."

"நான் இன்னும் முடிவு பண்ணல. இங்கேயும் வேலை இருக்கு. பழசைச் சுத்தம் பண்றதே இன்னும் நூறு வருஷத்துக்கு இருக்குன்னு சொல்றாங்க."

"இதுல முடிவு பண்ண என்ன இருக்கு? போ. நல்லது."

அவ்வளவுதான் பேச்சு. மூன்று வாரத்துக்கு முன், சமையலறையில், ரோஷீன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது நடந்தது. ஆனால் தினமும் காலையில், கடலோர ரயிலில் அரைத்தூக்கத்தில் தலை சாய்த்திருக்கும்போது, அந்தப் பேச்சு அவளுக்குள் மறுபடியும் நடக்கும். கனவில் அதன் கடைசி வரி மாறிவிடும். கனவில் மால்கம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்கு அவ்வளவு தூரம்? இங்கேயே இரு" என்பார். வண்டி ஒரு வளைவில் குலுங்கும். கண் திறந்தால் சன்னலுக்கு வெளியே கடல் மட்டும் இருக்கும். அது எதுவும் சொல்லாது.

ரோஷீனுக்கு இருபத்து மூன்று வயது. வாரத்தில் நான்கு நாள் அணு வளாகத்தில் வேலை, ஒரு நாள் கல்லூரி. சம்பளமும் வரும், ஐந்தாவது வருட முடிவில் பொறியியல் பட்டமும் வரும். கூடப் படித்தவர்கள் எல்லாம் மான்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் போய் மூன்று வருடம் படித்துக் கடனோடு திரும்பியபோது, அவள் பாதுகாப்பு உடுப்பும் பயிற்சிப் பதிவேடுமாக இந்தக் கரையிலேயே இருந்தாள். அதற்குக் காரணம் அவள் அம்மா ஓர்லா. "படிச்சுக்கிட்டே சம்பாதி, சம்பாதிச்சுக்கிட்டே வீட்டுக்கு வா" என்று விண்ணப்பத்தைக் கையில் திணித்தவள் அவள்தான். முதல் வருடம் முடிவதற்குள் புற்றுநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது.

மிச்சமிருந்தது, நெதர்டவுனில் மலைவிளிம்பில் நின்ற வீடும், மஞ்சள் பூனை டோரியும், மால்கமும்.

மால்கம் அவளைப் பெற்றவர் அல்ல. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மா அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கடலோர ரயிலில் கார்டு வேலை. நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார். ஒருவரிடம் ஒன்று கேட்டு வாங்குவது என்பது அவர் ரத்தத்திலேயே கிடையாது. உப்பு வேண்டுமென்றால்கூட எழுந்துபோய் மேசையைச் சுற்றிவந்து எடுத்துக்கொள்வார். தத்தெடுக்கும் காகிதங்களை ஒருமுறை எழுத ஆரம்பித்தார்கள். அதற்குள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், காகிதம் கிடந்தது கிடந்தபடி இருந்துவிட்டது. பதினெட்டு வயது தாண்டிவிட்டால் சட்டம் அந்தக் கதவைச் சாத்திவிடும்.

ஆக, சட்டப்படி பார்த்தால் அவருக்கும் அவளுக்கும் எந்த ஒட்டும் இல்லை. வீடு அவருடையது. அவள் அதில் தங்கியிருக்கிறாள். அம்மா போன மூன்று வருடமாக அவள் உள்ளுக்குள் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்: இது இன்னும் என் வீடுதானா?

"போ. நல்லது" என்று அவர் சொன்னதும், பதில் கிடைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

அதற்கேற்ற மாதிரி அவரும் சில மாதமாகவே மாறிக்கொண்டு வந்தார். குளிர்காலத்தில் கல்லூரிக்காக ஆறு வாரம் மான்செஸ்டரில் தங்கியிருந்து திரும்பினாள். வந்து பார்த்தால் மனிதர் தாடி வளர்த்திருந்தார். கழுத்தை மூடும் கம்பளிச் சட்டையை வீட்டுக்குள்ளேயும் கழற்றுவதில்லை. பிறகு இரண்டு வாரம் பால் ஊற்றாமல் தேநீர் குடித்தார். வெள்ளிக்கிழமை மீனைத் தொடவில்லை. "என்ன மால், சாமியாராப் போறீங்களா?" என்று கேட்டாள். "வயசாகுதுல்ல, வயிறு கேட்கமாட்டேங்குது" என்றார். அப்புறம் கார்லைலில் பழைய நண்பர் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று இரண்டு இரவு போய்விட்டு வந்தார்.

வந்ததிலிருந்து முற்றிலும் வேறு ஆள். பின்கட்டுச் சின்ன அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார். தனித் தட்டு, தனித் துண்டு. துணியைத் தனியாகத் துவைத்தார். அவள் சமையலறைக்குள் நுழைந்தால், அவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு இறங்கிவிடுவார். டோரி மடியில் ஏறப் பார்த்தால் காலால் மெல்லத் தள்ளிவிடுவார். அந்தப் பூனை அவரை விட்டு ஒரு நிமிடம் இருக்காது, பாவம், வாசலில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கும். கழிவறையில் ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கும். அது வேறு ரோஷீனுக்கு எரிச்சல்.

நடுவில் சில சமயம், கூடத்தின் அந்தக் கோடியில் சன்னலோரம் நின்றபடி, "ரோஷீன்..." என்று ஆரம்பிப்பார்.

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. பால் தீர்ந்துபோச்சு."

பால் தீர்ந்திருக்காது.

"சாமர்செட் ஃபார்ம் குடுத்துட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். "குடுத்துடறேன், மால். அவசரம் இருந்தா இன்னைக்கே குடுத்துடறேன்" என்றாள். அவர் முகத்தில் என்ன வந்தது என்று பார்ப்பதற்குள் அவர் வெளியே போய்விட்டார்.

அன்று திங்கட்கிழமை. ஏப்ரல் மாதம்தான், ஆனால் கடலிலிருந்து வந்த காற்று ஜனவரியை இன்னும் விடவில்லை. அவளுடைய கையுறைகளில் ஒன்று எங்கேயோ தொலைந்திருந்தது. வண்டிக்கு நேரமாகிவிட்டது. கதவோரக் கொக்கியில் மால்கமின் பழுப்புக் கம்பளிக் கையுறைகள் தொங்கின. எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினாள். நெதர்டவுனில் கை காட்டினால்தான் வண்டி நிற்கும். அந்தப் பெரிய பழுப்புக் கையைத் தூக்கிக் காட்டினாள். வண்டி மூடுபனியிலிருந்து சத்தமில்லாமல் வந்து நின்றது.

வண்டியில் மால்கம் இல்லை. ஒரு மாதமாகவே இல்லை. "பதினேழு வருஷமா எடுக்காத லீவெல்லாம் சேர்ந்து கிடக்கு" என்று சொல்லியிருந்தார். கைகளை முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு ரோஷீன் கண்ணை மூடினாள். "இங்கேயே இரு" என்றது கனவு.

வளாகத்தில் அவளுக்கு அன்று குளத்து வேலை. குளம் என்றால், எரிந்து முடிந்த யுரேனியத் தண்டுகளை ஆற வைத்திருக்கும் பெரிய தொட்டி. ரோஷீன் பிறப்பதற்கு முன்பே அங்கே இறக்கப்பட்ட தண்டுகள். மேலே விளக்கு, கீழே ஆழத்தில் நிழல் நிழலாகக் கூடைகள். தண்ணீர் அசையவே அசையாது. அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால் காது அடைத்ததுபோல் ஓர் அமைதி வரும். கனவுக்கு யாராவது கட்டடம் கட்டினால் இப்படித்தான் கட்டுவார்கள் என்று அவள் நினைப்பாள்.

அவளும் ஜெட்டும் சோதனைக்குக் குளத்துத் தண்ணீரைக் குப்பியில் எடுக்க வேண்டும். ஜெட், பக்கத்து ஊரான எக்ரிமான்ட் பையன். அவளோடு சேர்ந்தே பயிற்சியில் நுழைந்தவன். இவன் வாயைத் தைக்கத்தான் தையல்காரர் கிடைக்கவில்லை.

"ரோஷ், இந்த உலகத்துக்கு வாடி. குப்பியைப் பிடி."

"பிடிச்சிருக்கேன்டா."

"தலைகீழாப் பிடிச்சிருக்கே."

பார்த்தாள். உண்மைதான். திருப்பிப் பிடித்தாள்.

"சாமர்செட்ல உன்னை எப்படித்தான் வெச்சுக்கப் போறாங்களோ. அங்கே கட்டி முடிக்கிற வரைக்கும் தூங்கிடாதே."

"அங்கே நீ இருக்கமாட்டே. அதனால நிம்மதியா முழிச்சிருப்பேன்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் மனம் மறுபடியும் நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. கீழே தெரிந்த நிழல்களில் ஒன்று, சன்னலோரம் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு மனிதரைப் போலவே இருந்தது.

குளத்துக் கூடத்தை விட்டு வெளியேற ஒரு முறை உண்டு. குறுக்கே ஒரு நீளப் பெஞ்சு. இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலின் காலணியைக் கழற்றி, அந்தக் காலை அந்தப் பக்கம் போட்டு, பிறகு அடுத்த கால். ரப்பர் கையுறைகளை உள்பக்கம் வெளியே வரும்படி உரிக்க வேண்டும். கடைசியில், கதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் ஒரு பொறிக்குள் கைகால்களை வைத்து நின்றால், அது பத்து வரை எண்ணிப் பச்சை விளக்குக் காட்டும். நூற்றுக்கணக்கான முறை அவளுக்குப் பச்சை காட்டிய பொறி.

அன்று சிவப்பு எரிந்தது. மணி அலறியது.

ஜெட் பெஞ்சிலேயே உறைந்துபோனான். "என்னடி பண்ணுனே?"

"தெரியல."

"கையா, காலா?"

"கை. ரெண்டு கையும்."

அசையாமல் நின்றாள். அதுதான் விதி. யாரும் அசையக் கூடாது. கூடத்துக்குள் இருந்த பதினொரு பேரும் இருந்த இடத்திலேயே நிறுத்தப்பட்டார்கள். அவர்களுடைய முழுக் காலை வேலையும் அவளால் நின்றது. அளவு கருவியோடு பாலின் வந்தாள். கதிர்வீச்சுக் கண்காணிப்பில் முப்பது வருடம் இருந்தவள். யார் பதறினாலும் அவள் மட்டும் கடையில் தக்காளி பொறுக்குகிற மாதிரி நிதானமாக இருப்பாள். ரோஷீனின் இரு கைகளையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, பக்கத்து அறைக்கு அழைத்துப்போனாள்.

"உட்காரு கண்ணு. முதல்ல மூச்சு விடு. கையுறை உரிக்கும்போது கிழிஞ்சுதா?"

"பார்க்கல."

"வெளிப்பக்கத்தைத் தொட்டியா?"

ரோஷீனால் தொடவில்லை என்று சொல்லியிருக்க முடியும். ஜெட் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கேமராவிலும் அவ்வளவு நுணுக்கம் தெரியாது. ஆனால் இங்கே சேர்ந்த முதல் நாளிலிருந்து ஊட்டப்பட்டது ஒன்று உண்டு: தவறு செய்வது பெரிய விஷயமில்லை, மறைப்பதுதான். "தெரியல, பாலின்" என்றாள். "நான் கனவு கண்டுக்கிட்டிருந்தேன். குப்பியையே தலைகீழாப் பிடிச்சேன். உரிக்கும்போது என்ன பண்ணுனேன்னு நிஜமாவே எனக்கு ஞாபகம் இல்ல. அப்படியே எழுதிக்கோங்க."

பாலின் அவளை ஒரு நொடி பார்த்தாள். "எழுதலாம், எழுதலாம். முதல்ல என்ன சாமான்னு பார்ப்போம்."

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கைகளைக் கழுவிவிட்டாள். எண் குறைந்தது, ஆனால் போகவில்லை. அதற்குள் ரோஷீனின் மனத்தில் எல்லாம் ஓடி முடிந்துவிட்டது. பயிற்சிப் பதிவேட்டில் ஒரு சிவப்புக் குறிப்பு. சாமர்செட்காரர்கள் அதைப் படிப்பார்கள், வேண்டாம் என்பார்கள். இங்கேயும் இடமில்லை, அங்கேயும் இடமில்லை. பெட்டியை எங்கே இறக்குவது?

பாலின் இன்னொரு கருவியைக் கொண்டுவந்தாள். எந்தப் பொருளிலிருந்து கதிர் வருகிறது என்று சொல்லும் கருவி. அதைக் கையருகே பிடித்தாள். திரையில் ஒரு கோடு மெதுவாக எழுந்து, மலைபோல் ஒரே இடத்தில் கூர்ந்து நின்றது. அதன் கீழே எண்: 364.

பாலின் வாய் திறப்பதற்கு முன் ரோஷீன் சொன்னாள். "அயோடின்."

"அதேதான்." பாலின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "இங்கே எப்படி அயோடின் வரும்?"

வராது. முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கே தெரியும். கதிர் வீசும் அந்த அயோடின் எட்டு நாளில் பாதியாகும். இன்னொரு எட்டு நாளில் பாதியின் பாதி. சில மாதங்களில் தடமே இருக்காது. குளத்தில் கிடக்கும் தண்டுகளோ அவள் வயதைவிட மூத்தவை. அவற்றில் அது கரைந்துபோய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

"இது நம்ம வீட்டுப் பிள்ளை இல்ல" என்றாள் பாலின். அவள் அயோடினைத்தான் சொன்னாள். ஆனாலும் ரோஷீனுக்குச் சுருக்கென்றது. "வெளியிலேர்ந்து வந்திருக்கு. ஆஸ்பத்திரிச் சாமான். கழுத்துல தைராய்டுக் கட்டி வந்தா குடுப்பாங்க. உனக்கு ஏதாவது வைத்தியம் நடக்குதா?"

"இல்ல."

"வீட்ல யாருக்காவது?"

"வீட்ல நானும் மால்கமும்தான். அவருக்கு ஒண்ணும் இல்ல."

"சரி. காலையிலேர்ந்து கையில என்னென்ன பட்டுச்சுன்னு சொல்லு."

சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுச் சாவி. ரொட்டி. பயணச்சீட்டு. அப்புறம்...

"கையுறை" என்றாள். குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்ததுபோல் இருந்தது. "என்னோடது இல்ல."

பாலின் போய் அவளுடைய அலமாரியைத் திறந்தாள். கதவு பாதி திறந்ததுமே கருவி கொட்டும் மழைபோல் இரைச்சலிட்டது. பழுப்புக் கம்பளிக் கையுறைகளை இடுக்கியால் எடுத்துப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். "யாரோடது கண்ணு இது?"

ரோஷீன் எண்ணிக்கொண்டிருந்தாள். இன்று திங்கள். அவர் கார்லைலிலிருந்து வந்தது, போன வாரத்துக்கு முந்தின வாரம், சனிக்கிழமை. ஒன்பது நாள். அந்த மருந்தைக் குடித்தவரின் வியர்வையில் அது வரும், எச்சிலில் வரும். நிறைய எண்ணியாயிற்று, இனி எண்ண ஒன்றுமில்லை. கார்லைல் இல்லை. ஓய்வு பெற்ற நண்பர் இல்லை. கழுத்துவரை மூடிய சட்டைக்குப் பின்னால், தாடிக்குப் பின்னால், அவள் ஆறு வாரம் மான்செஸ்டரில் இருந்தபோது போட்ட ஒரு தையல் இருக்கிறது. பாலும் மீனும் ஒதுக்கியது மருந்துக்கு முந்திய பத்தியம். தனித் தட்டு, தனித் துண்டு, தனிப் படுக்கை. ஆள்களிடமிருந்து இரண்டு மீட்டர். மடியில் பூனை கூடாது. கழிவறையில் இரண்டு முறை தண்ணீர். போன வருடத் தேர்வில் இந்தப் பட்டியலை அவள் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். வீட்டில் ஒன்பது நாளாக ஒருவர் அதை வரிவரியாகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பிடிக்கவில்லை என்று படித்திருக்கிறாள்.

"மால்கமோடது" என்றாள்.

பாலின் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "கார்டு மால்கமா? நம்ம வண்டி மால்கம்?" என்று கேட்டாள்.

தலையாட்டினாள்.

"என் குடையை ரெண்டு தடவை கொண்டுவந்து குடுத்த மனுஷன்." பெருமூச்சு விட்டாள். "அறிக்கையில பேர் வேண்டாம். 'வெளியிலிருந்து வந்த மருத்துவ அயோடின்'னு எழுதுறேன். உன் வேலைமேல தப்பு இல்ல. குப்பியைத் தலைகீழாப் பிடிச்சதை மட்டும் நீயே உன் பதிவேட்டுல எழுதிக்கோ."

"எனக்கு ஏதாவது ஆகுமா?"

"ஸ்பெயினுக்கு விமானத்துல போயிட்டு வந்தா இதைவிட அதிகமா வாங்குவே. வீட்டுக்குப் போ. ஆனா ஒண்ணு, பாசத்துல போய்க் கட்டிப் பிடிச்சுடாதே. நாளைக்கும் இங்கே மணி அடிக்கும். பதினொரு பேரு உன்னைக் கொன்னுடுவாங்க."

வாசலில் ஜெட் காத்திருந்தான். கேலி செய்ய வாயைத் திறந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். "என் கையுறையைப் போட்டுக்கோ" என்று மட்டும் சொல்லி நீட்டினான்.

மத்தியான வண்டியில் கூட்டமில்லை. மூடுபனி கலைந்து, கடல் வெள்ளித் தகடாகக் கிடந்தது. ரோஷீன் தூங்கவில்லை. ஆனாலும் எல்லாம் கனவில் நடப்பதுபோல் மெதுவாக நடந்தது. ஒரு நாரை தண்ணீருக்குமேல் போய்க்கொண்டே இருந்தது. இந்த வைத்தியம் நியூகாசில் ஆஸ்பத்திரியில்தான் உண்டு. அவ்வளவு தூரம் அவர் தனியாகப் போயிருக்கிறார். கழுத்தை அறுக்கக் கொடுத்துவிட்டுத் தனியாகக் கண் விழித்திருக்கிறார். ஈயக் கதவு போட்ட அறைக்குள் இரண்டு இரவு இருந்திருக்கிறார். அந்த இரண்டு இரவும் அவள் கூடத்தில் காலை நீட்டி, டோரியோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெதர்டவுனில் இறங்கியதும் வீட்டுக்கு ஏறாமல் நேரே கரைக்கு இறங்கினாள். அவர் அங்கேதான் இருப்பார். இருந்தார். அலை வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. ஈர மணலில், ஒற்றை ஆளாக, கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். கையுறை இல்லாமல் குளிரியிருக்கும்.

அவளைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "என்ன சீக்கிரம் வந்துட்டே?"

"அங்கேயே நிக்கிறேன், பயப்படாதீங்க" என்று கத்தினாள். காற்றில் கத்தினால்தான் கேட்டது. குதிகாலால் மணலில் ஒரு கோடு இழுத்தாள். "ரெண்டு மீட்டர். இதைத் தாண்டமாட்டேன். போதுமா?"

அவர் கோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "யார் சொன்னாங்க?"

"உங்க கையுறை சொல்லுச்சு. போட்டுக்கிட்டுப் போனேன். பதினொரு பேரு வேலை நின்னுபோச்சு."

"ஐயோ." அவர் நெற்றியில் கைவைத்தார். "ஐயோ, கடவுளே. எல்லாத்தையும் துவைச்சேன். அதை மறந்துட்டேன். உனக்கு ஏதாவது..."

"எனக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்கு என்ன? அதைச் சொல்லுங்க."

"சின்னக் கட்டி. எடுத்துட்டாங்க. மருந்தும் குடுத்துட்டாங்க." கடலைப் பார்த்துச் சொன்னார். "நல்ல வகைன்னு டாக்டர் சொன்னார். இதுல நல்ல வகைன்னு ஒண்ணு இருக்காம்."

"ஆஸ்பத்திரில கேட்டிருப்பாங்களே, வீட்ல யார் இருக்காங்கன்னு. எனக்குத் தெரியும், கேட்பாங்க. என்ன சொன்னீங்க?"

அவர் கழுத்துச் சட்டையை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்ன சொன்னீங்க, மால்?"

"தனியா இருக்கேன்னு எழுதுனேன்."

"தனியாவா?" அவள் கோட்டின் விளிம்புக்கே வந்தாள். "அப்போ நான் யாரு? பூனையா?"

"ரோஷீன், கேளு..."

"ஃபார்ம் குடுத்தியா, ஃபார்ம் குடுத்தியான்னு விரட்டுனீங்களே! இந்த வீட்ல எனக்கு இனிமே இடம் இல்லைன்னு நெனச்சேன். நீங்க எப்போ அதை வாய்விட்டுச் சொல்வீங்கன்னு மூணு வருஷமா ஒவ்வொரு நாளும் பயந்துக்கிட்டு இருக்கேன். தெரியுமா உங்களுக்கு?"

மால்கம் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார். சுத்தமான திகைப்பு, அதில் நடிப்புக்கு இடமில்லை. "இடம் இல்லையா? உனக்கா?" என்றார். "அது உன் வீடு. கூரைக்கு ஓடு போட்டதே, மழைத் தண்ணி உன் புத்தகத்துல சொட்டுதுன்னுதானே?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஜெட்டின் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ ஏன் போகச் சொன்னீங்க?"

அவர் காலால் மணலைக் கிளறினார். "உங்க அம்மா பக்கத்துல நீ உட்கார்ந்திருந்தியே, அந்த வருஷம். ஆஸ்பத்திரி வராந்தாவுல தரையில உட்கார்ந்து பரீட்சைக்குப் படிச்சே. ஒரு நாள் அங்கேயே தூங்கிட்டே, கையில பென்சிலோட. நான் கோட்டை எடுத்துப் போர்த்தினேன். இன்னொரு தடவை இந்தப் பிள்ளை இப்படித் தரையில உட்காரக் கூடாதுன்னு அப்போவே நெனச்சுக்கிட்டேன். அதுவும் எனக்காக. அவ உன்னைப் பெத்தவ. நான் யாரு, உன்னைக் கூப்பிட?"

காற்று கொஞ்சம் அடங்கியது. தூரத்தில் வடக்கே போகும் வண்டியின் சத்தம் கேட்டு, மலைவிளிம்பைத் தாண்டிப் போய்க் கரைந்தது. இருவரும் அது போகும்வரை நின்றார்கள். நடுவில் அந்தக் கோடு. ஈரம் ஊறி அதன் ஓரங்கள் மெல்லச் சரிந்துகொண்டிருந்தன.

"இப்போ என்ன நிலைமை?" என்று கேட்டாள்.

"வியாழக்கிழமை நியூகாசில்ல சொல்வாங்க. எல்லாம் போயிடுச்சா, இன்னும் இருக்கான்னு."

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணரைக்கு. நான் காலையில முதல் வண்டியில..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

ரோஷீன் காத்திருந்தாள். அவர் உதடு அசைவதைப் பார்த்தாள். சன்னலோரம் நின்று இத்தனை நாளாக அவர் ஆரம்பித்துவிட்டு விழுங்கியது எதுவோ, அது இப்போது மறுபடியும் அவர் தொண்டைக்கு ஏறி, அந்தப் புதுத் தையலில் முட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. அவள் உதவிக்குப் போகவில்லை. அவர் வாயில் வார்த்தையை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் அசையாமல் நின்றாள்.

பதினேழு வருடமாக வண்டி முழுக்கக் கேட்கும்படி ஒவ்வொரு ஊரின் பெயரையும் கூவிச் சொன்ன மனிதர், கழுத்துச் சட்டையை விரலால் கொஞ்சம் இறக்கி மூச்சு எடுத்தார். ஐந்து மாதமாக உள்ளேயே வைத்திருந்ததை, காற்றைத் தாண்டி அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று, உரக்கவே சொன்னார்:

"எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கும்மா. நீ என்கூட வர்றியா?"